பூவாத காலத்துக் காந்தள்



நம் நாட்டுக் காட்டு மலர்களுள் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது வாழும் இடத்தையும் அதனை இனங்காணும் முறையையும் பற்றிப் பேசவேண்டும் என்று இக்கூட்டத்தைக் கூட்டிய சங்கத்தார் என்னைப் பணித்தபோது, எந்த மலரைத் தேர்வது என்னும் விசாரம் எனக்கு அதிக நேரம் இருக்கவில்லை. குறிஞ்சியைப் பற்றிப் பேசுவோர் பலர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலைச்சரிவுகளை நீலமாக்கும் அதன் பெருமை, அது பூக்கும் வருஷங்களில் பத்திரிகைகள் வாயிலாக வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்துவிடுகிறது. காந்தளின் நிலையோ வேறு. தமிழ்நாட்டின் மாநில மலர் என்னும் கௌரவத்தைப் பெற்று, பாடப்புத்தகத்தின் படத்திலே எந்தக் குழந்தையும் சுட்டிக்காட்டக்கூடியதாய் இருந்தும், அதே குழந்தையோ, அக்குழந்தைக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரோ, தம் ஊர் எல்லையிலுள்ள வேலியில் அக்கொடி பூவின்றிப் படர்ந்திருக்கும்போது அதனைக் காந்தள் என்று அறிந்துகொள்வார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

ஆகவே, இன்று நான் சொல்ல விரும்புவது பூவின் அழகை அன்று. ஒரு செடியைப் பூவைக் கொண்டு மட்டும் அறிதல் அரை அறிவு. இலையைக் கண்டும், காயைக் கண்டும், மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கைக் கண்டும், அது தொற்றி ஏறும் புதரைக் கண்டும் ‘இது இன்ன செடி’ என்று துணிந்து சொல்ல வல்லவனே அச்செடியை அறிந்தவன் ஆவான். மற்றச் செடிகளின் விஷயத்தில் இந்த முழு அறிவு ஒரு நாகரிக மனிதனுக்கு அணியாய் அமையலாம். காந்தளின் விஷயத்திலோ அது உயிர்காக்கும் அறிவாகவும் இருக்கிறது. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

எல்லோருக்கும் பரிச்சயமான பூவிலிருந்தே தொடங்குவோம். கொடியின் நுனிப்பகுதியில், இலைக்கக்கத்திலிருந்து புறப்படும் நீண்ட காம்பு ஒன்றின் முனையில், மொட்டானது பச்சை நிறத்துடன் தலைகவிழ்ந்து தொங்கும். மலரும்போது, புல்லி என்றும் அல்லி என்றும் வேறுபாடு இல்லாத ஆறு இதழ்கள், ஒவ்வொன்றும் சுமார் 5 முதல் 8 சென்டிமீட்டர் நீளமுடையனவாய், ஒடுங்கி, ஓரமெல்லாம் நெளிநெளியாய் அலைவுற்று, பூ கீழ்நோக்கி இருக்கத் தாம் மட்டும் பின்னோக்கி மடிந்து வான்நோக்கி நிமிர்ந்துவிடுகின்றன. இதழ்கள் இப்படி விலகிவிடுவதால், மற்றப் பூக்களில் உள்ளே மறைந்திருக்கும் உறுப்புக்கள் இங்கே திறந்த வெளியில் நிற்கின்றன: ஆறு மகரந்தத் தாள்கள் பக்கவாட்டில் சுற்றிலும் விரிந்து, ஒவ்வொன்றின் முனையிலும் மகரந்தப்பை தன் நடுவிடத்தில் தாங்கப்பட்டு அசைந்துகொண்டிருக்கும், நடுவே பச்சைநிறச் சூலகம், அதன் முனையிலிருந்து சூல்தண்டு நேரே இறங்காமல், அடியிலேயே ஏறக்குறையச் செங்கோணமாக வளைந்து, ஒரு பக்கமாக நீண்டுபோய், முனையில் மூன்றாகப் பிரிந்திருக்கும். ஒரு பூவைக் கையில் எடுத்து இந்த வளைவைக் கண்டுவிட்டால், வேறு எந்தப் பூவோடும் அதனை மயங்குவதற்கு இடமே இல்லை.

நிறத்தை மட்டும் நம்புவோர் ஏமாறுவதற்கு இடமுண்டு. அலர்ந்தவுடன் இதழ்களில் பசுமையும் மஞ்சளும் மிக்கிருக்கும். பின்னர் மேற்பாதி சிவந்து, அடிப்பாதி மஞ்சளாய் நிற்கும். நாட்கள் செல்லச் செல்ல மஞ்சள் ஒடுங்கி, பூ முழுவதும் செந்நிறமாகி, முதிர்ந்தபின் கருஞ்சிவப்பாய் வாடும். ஒரே கொடியில் இந்தப் பருவங்கள் எல்லாவற்றையும் ஒருசேரக் காணலாம். இடத்துக்கு இடமும் நிறம் மாறுபடுவதால், தாவர சாஸ்திரிகளே ஒரு காலத்தில் இக்கொடியைப் பல இனங்களாகப் பகுத்துத் தனித்தனிப் பெயர் சூட்டினார்கள். அவற்றுட் பலவற்றைப் பின்வந்தோர் ஓரினத்தின் வேறுபாடுகளே என்று ஒன்றுசேர்த்து விட்டனர். நிறம் காலத்தால் மாறுவது. வடிவமோ நிலைத்து நிற்பது. இனங்காணப் புகுவோர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய விதி இதுவே.

பூ உதிராமல் நிற்கும் நாட்களில் அதன் கீழே அமைதியாக நின்று பார்த்தால், அந்த வளைந்த சூல்தண்டின் பிரயோஜனமும் விளங்கும். தேன் இதழ்களின் அடியில் சுரக்கிறது. தன் பூவின் மகரந்தம் தன் சூல்முடியில் எளிதில் விழாதபடி, மகரந்தத் தாள்களும் சூல்தண்டும் மையத்தைவிட்டு விலகி நிற்கின்றன. சிறு பூச்சி ஒன்று தேனைப் பருகிச் சென்றால் அது இவ்விரண்டையும் தீண்டாமலேயே போய்விடக்கூடும். சிறகை அகல விரிக்கும் பெரிய வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வந்தால்தான், அதன் மேனியும் சிறகும் வெளிவட்டத்திலுள்ள மகரந்தப்பைகளில் உராய்ந்து, அடுத்த பூவின் சூல்முடிக்கு மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கும். இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உழவர் வயலிலே இதன் விளைவை மீண்டும் காணப்போகிறோம்.

இனி, பூ இல்லாத காலத்துக்கு வருவோம். மழை தொடங்கியபின் புதரின் அடியிலிருந்து மெல்லிய, உருண்ட, பச்சைத் தண்டு ஒன்று எழும்புகிறது. மண்ணை ஒட்டிய பகுதியில் உள்ள இலைகள் சாதாரணமானவை. அவற்றின் நுனியில் விசேஷம் எதுவும் இராது. ஆனால் தண்டு உயர்ந்து, தன் பளுவைத் தானே தாங்கமாட்டாத நிலையை அடைந்தவுடன், புதிதாய்த் தோன்றும் ஒவ்வோர் இலையின் நுனியும் கூர்ந்து, நீண்டு, சுருண்டு, ஒரு பற்றுக்கம்பியாக மாறிவிடுகிறது. அந்த நுனி ஒரு சுள்ளியையோ, புல்லின் தாளையோ, அயலிலுள்ள இலையின் காம்பையோ தீண்டிய மாத்திரத்தில் அதனைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். இலைக்குக் காம்பு இல்லை. தண்டோடு ஒட்டியே அமர்ந்திருக்கும். வேல்முனை வடிவினதாய், வலைப்பின்னல் இன்றி நீளவாட்டில் ஒருபோகாக ஓடும் நரம்புகளை உடையதாய், வழவழப்பாய் இருக்கும். ஒரே தண்டில் இலைகள் சில இடத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாகவும், சில இடத்தில் எதிரெதிராகவும், சில இடத்தில் மூன்று நான்கு சேர்ந்து வட்டமாகவும் அமைவதுண்டு. ஆதலால் இலையடுக்கு முறையை அடையாளமாகக் கொள்வதில் பயனில்லை. இலையின் நுனியைப் பாருங்கள். அதுவே போதிய சாட்சி.

இவ்விடத்தில் நம் வேலிகளில் ஏறும் மற்றக் கொடிகளையும் சற்று ஒப்பிட்டுப் பார்ப்பது நன்மை தரும். பாகலும் கோவையும் கணுவில் இலைக்குப் பக்கத்திலிருந்து பற்றுக்கம்பியை விடுகின்றன. பிரண்டை, இலைக்கு எதிர்ப்புறத்திலிருந்து விடுகிறது. முடக்கத்தான், பூங்கொத்தின் காம்பிலிருந்தே விடுகிறது. மலைக்காடுகளில் முட்களோடு ஏறும் சுமிலாக்ஸ் கொடி, இலைக்காம்பின் அடியிலிருந்து இரண்டிரண்டாக விடுகிறது. வள்ளிக்கொடிக்கோ பற்றுக்கம்பியே கிடையாது. தண்டே கொழுகொம்பைச் சுற்றிக்கொண்டு ஏறும். இலையின் நுனியையே கையாக்கிக்கொண்டு ஏறுவது காந்தள்; இதற்கு நிகராக நம் நாட்டில் சொல்லத்தக்கது, மேற்குக் கரையின் ஈரக்காடுகளிலும் இலங்கையிலும் காணப்படும் பிளாஜெல்லேரியா என்னும் கொடி. அதன் தண்டு பிரம்பைப் போல் வைரம் பாய்ந்தது; இலையின் அடி தண்டைக் குழாயாகத் தழுவி நிற்கும்; பூக்கள் மிகச் சிறியனவாய் வெண்மையான கொத்துக்களாய் இருக்கும். ஆகவே அதனோடும் மயக்கம் நேராது. ஏறுகொடிகளின் இயக்கங்களை ஆராய்ந்து தனி நூலே எழுதிய சார்ல்ஸ் டார்வின், இலையால் ஏறும் கொடிகளைப் பற்றிய பகுதியில் காந்தள் இனத்தையும் சேர்த்து, அதன் இலைநுனி கொக்கியாக வளைந்து பற்றுவதை விவரித்திருக்கிறார் என்பதை மாணவர்கள் அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பூ வாடியபின் இதழ்கள் உடனே உதிர்ந்துவிடுவதில்லை. சருகாகிக் காயின் அடியில் தொங்கிக்கொண்டிருக்கும். காய் பச்சையாய், நீண்டு உருண்டு, 4 முதல் 8 சென்டிமீட்டர் நீளம்வரை வளர்ந்து, முற்றியபின் மூன்று பாகமாக வெடிக்கும். உள்ளே, செம்மஞ்சள் நிறமான சதைத்தோல் போர்த்த உருண்டை விதைகள் வரிசையாய் ஒட்டிக்கொண்டிருக்கும். பூவை அறியாதவரும் இவ்வெடித்த காயை ஒருமுறை கண்டால் மறக்கமாட்டார்கள். விதை முளைப்பதில் மிகவும் தாமதமுடையது. அப்படி முளைத்த கன்றும் பூக்கும் பருவத்தை அடைய மூன்று நான்கு வருஷம் செல்லும். ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்துவிட்டு, ‘விதையிலிருந்து மறுபடி வந்துவிடும்’ என்று ஆறுதல் கொள்வது எளிது. வந்துசேர எத்தனை மழைக்காலம் வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

விதை முற்றியபின் தண்டும் இலையும் மஞ்சளித்து உலர்ந்து, மண்ணுக்குமேல் கொடி இருந்த சுவடே இல்லாமல் போய்விடும். கோடை முழுவதும் காந்தள் என்பது மண்ணுக்குள் உறங்கும் ஒரு கிழங்கு மட்டுமே. அக்கிழங்கு இரு கவடாகப் பிரிந்து, ஒரு கோணத்தில் வளைந்து, கலப்பையின் வடிவத்தை நினைவூட்டுவதால், கலப்பைக்கிழங்கு என்றும், வடமொழியிலே லாங்கலி என்றும் வைத்தியர்கள் வழங்குவார்கள். மேல்தோல் மெல்லியதாய்ப் பழுப்பு நிறமுடையது, உள்ளே வெண்மை. ஒவ்வொரு கவட்டின் முனையிலும் ஒரே ஒரு முளைதான் உண்டு. அம்முனை ஒடிந்துபோனால் அக்கவடு முளைப்பதில்லை. வருஷந்தோறும் பழைய கிழங்கு தன்னிடமுள்ள உணவையெல்லாம் புதுத் தண்டுக்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கி அழிய, அதனிடத்தில் புதுக் கிழங்கு உருவாகிறது. இவ்வாறு பார்த்தால், நாம் ஆண்டில் சில வாரங்களே காணும் பூவானது, மண்ணுக்குள் ஆண்டு முழுவதும் நடைபெறும் ஒரு நீண்ட சேமிப்பின் சிறு செலவே ஆகும்.

இனி, அது வாழும் இடத்தைச் சொல்லவேண்டும். சஹாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவிலும், இந்தியாவிலும், இலங்கையிலும், தென்கிழக்கு ஆசியாவிலும் காந்தள் இயற்கையாய் வளர்கிறது. கடற்கரை மணலிலிருந்து சுமார் 2000 மீட்டர் உயரமுள்ள மலைப்பகுதிவரை அதனைக் காணலாம். இத்தனை பரந்த பிரதேசத்தில் வாழ்ந்தாலும், எந்த இடத்திலும் அது வேண்டுவன இவையே: நீர் தேங்காது வடிந்துபோகும் தளர்ந்த மண், அடியிலே நிழல், தலையிலே வெயில், பற்றி ஏறுவதற்கு மெல்லிய சுள்ளிகள் நிறைந்த புதர். பசுமை மாறாத அடர்ந்த காட்டின் உட்பகுதியில் தரைக்கு வெயில் இறங்காத இடத்தில் அது செழிப்பதில்லை. நிழலே இல்லாத பொட்டலிலும் நிற்பதில்லை. காட்டின் விளிம்பு, மலையடிவாரத்துப் புதர்க்காடு, ஓடைக்கரை, பாறையிடுக்கில் மண் சேர்ந்த இடம், பழைய உயிர்வேலி ஆகிய இவையே அதன் வாசஸ்தலங்கள்.

அதன் இலைநுனி ஓர் அடிமரத்தைப் பற்றிக்கொள்ளுமாறு அமைந்ததன்று, மெல்லியவற்றையே பற்றவல்லது. ஆகவே ஓங்கிய மரத்தைவிட முட்புதரே அதற்கு உற்ற துணை. சோழமண்டலக் கரையில் கோடியக்கரை முதலிய இடங்களில் எஞ்சியுள்ள உலர் பசுமைக்காட்டைப் பார்த்தவர்கள், உலக்கைப்பாலையும் காரையும் சங்கஞ்செடியும் சூரையும் ஆதொண்டையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் தன்மையை அறிவார்கள். கொங்குநாட்டு மேட்டாங்காடுகளின் எல்லையில் முள்கிளுவை வேலி அதே காரியத்தைச் செய்கிறது. முள் இருப்பதால் ஆடு மாடுகளின் கால் அங்கே அதிகம் படுவதில்லை, கலப்பை நுழைவதில்லை, விழுந்த சருகு மக்கி மண்ணை ஈரமாக வைத்திருக்கிறது, கோடையில் உறங்கும் கிழங்கு சூடுபடாமல் பாதுகாக்கப்படுகிறது. பூவின் சிறப்பைப் பேசும் நாம், அப்பூவுக்கு இத்தனை உபகாரம் செய்யும் புதரை வெறும் முள் என்று ஒதுக்கிவிடுகிறோம்.

பூக்கும் காலமும் மழையைப் பின்பற்றியதே. மேற்கிலே தென்மேற்குப் பருவமழை பெறும் பகுதிகளில் ஆடி ஆவணியிலேயே பூக்கத் தொடங்கும்; கீழ்க்கரையிலும் ஈழத்தின் வறண்ட பகுதிகளிலும் வடகீழ்ப் பருவமழையை ஒட்டி ஐப்பசி கார்த்திகையில் மிகுதியாகப் பூக்கும். அதனாலேயே ஈழத்துத் தமிழர் அதனைக் கார்த்திகைப்பூ என்றே வழங்கி, இறந்தோரை அம்மாதத்தில் நினைவுகூரும் மலராகவும் போற்றி வருகின்றனர்.

நம் முன்னோர் இக்கொடியை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தனர் என்பதற்குச் சங்க நூல்களே சான்று. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கும்போது முதலில் வைப்பது செங்காந்தளை. தொல்காப்பியத்தில், வேலன் வெறியாடும் துறையே காந்தள் என்னும் பெயரால் வழங்குகிறது. திருமுருகாற்றுப்படையில் முருகன் சூடும் கண்ணி காந்தளால் ஆனது. மகளிர் விரலுக்கு உவமையாக அதன் இதழைக் காட்டிய செய்யுட்களோ பல. ஆனால் இவற்றையெல்லாம் விட என் உள்ளத்தைக் கவர்ந்தது, குறுந்தொகையிலுள்ள கபிலர் பாட்டு ஒன்றின் செய்தி. மாலையிலே தலைவனுடைய மலையில் மழை பெய்கிறது. காலையிலே அந்த நீர், அடியோடு பெயர்ந்த காந்தள் ஒன்றைத் தலைவியின் ஊருக்குக் கொண்டுவருகிறது. அவள் அதன் மெல்லிய இலை குழையும்படி தழுவிக்கொண்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் நட்டு வைக்கிறாள். தாய் அவளைத் தடுக்கவில்லை.

இங்கே பூவைப் பற்றிய பேச்சே இல்லை என்பதைச் சபையோர் கவனிக்கவேண்டும். இலையும் அடியும் மட்டுமே உள்ள ஒரு கொடியைப் பெருக்குநீரில் கண்ட மாத்திரத்தில், ‘இது காந்தள், இது அவர் மலையிலிருந்து வந்தது’ என்று அறிந்துகொள்கிறாள் ஒரு பெண். சரிவிலுள்ள தளர்ந்த மண்ணை மழைநீர் அரிக்கும்போது இக்கொடி வேரோடு பெயர்ந்து வருவதும், அடி அழியாமல் இருந்தால் வேறிடத்தில் நட்டுப் பிழைக்கச் செய்யலாம் என்பதும், அதன் இலை தழுவினாலே குழைந்துவிடும் மென்மையுடையது என்பதும், தாவர சாஸ்திரத்திற்கு முற்றும் பொருந்திய செய்திகள். காதலைப் பாட வந்த புலவர், செடியின் சுபாவத்தில் சிறிதும் வழுவவில்லை. நான் முதலில் முழு அறிவு என்று சொன்னேனே, அதற்கு இதனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மேனாட்டார் இக்கொடியை அறிந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொச்சியில் டச்சுக்காரரின் அதிகாரியாயிருந்த வான் ரீடு என்பவர், இட்டி அச்சுதன் முதலான உள்நாட்டு வைத்தியர்களின் துணைகொண்டு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்’ என்னும் பெருநூலில் இதன் படமும் வருணனையும் இடம்பெற்றன. 1753ஆம் ஆண்டில் தாவர சாஸ்திரி லின்னேயஸ் இதற்குக் குளோரியோசா சூப்பர்பா என்னும் இரட்டைப்பெயரைச் சூட்டினார். ஆப்பிரிக்காவிலே, இன்று ஜிம்பாப்வே என்று வழங்கும் நாட்டின் தேசிய மலரும் இதுவே. அந்நாடு தெற்கு ரொடீஷியாவாக இருந்த காலத்தில், 1947இல் அங்கே வந்த இளவரசி எலிசபெத்துக்குப் பள்ளிக் குழந்தைகள் அளித்த பரிசு, இம்மலரின் வடிவில் வைரத்தால் செய்த ஓர் அணி. ஒரே பூவை இரண்டு கண்டத்தார் தத்தம் நாட்டின் சின்னமாகக் கொண்டிருப்பது சிந்திக்கத்தக்கது.

இக்கொடியை முன்னாளில் லில்லிக் குடும்பத்தோடு சேர்த்து வைத்திருந்த சாஸ்திரிகள், பின்னர் ஐரோப்பாவிலுள்ள கோல்ச்சிக்கம் என்னும் செடியின் பெயரால் அமைந்த குடும்பத்தில் சேர்த்தனர். தோற்றத்தில் இவ்விரண்டுக்கும் ஒற்றுமை குறைவு. ஆனால் உள்ளிருக்கும் சத்து ஒன்றே. 1820இல் பெல்லத்தியே, கவாந்து என்னும் இரு பிரெஞ்சு ரசாயனிகள் கோல்ச்சிக்கத்திலிருந்து பிரித்தெடுத்த கோல்ச்சிசின் என்னும் விஷச்சத்து, காந்தளிலும் இருப்பதை 1915இல் ஆங்கிலேய ரசாயனிகள் கண்டறிந்து வெளியிட்டனர். இங்கேதான், காந்தளை அறிவது உயிர்காக்கும் அறிவு என்று நான் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

அந்தச் சத்து நம் உடலின் உயிரணுக்கள் இரண்டாகப் பிரியும் செயலைத் தடுத்துவிடுகிறது. பிரியவேண்டிய அணு பிரியமாட்டாமல் நின்றுபோவதால், உடலில் எங்கெங்கே அணுக்கள் இடைவிடாது பெருகவேண்டுமோ அங்கேயே கேடு முதலில் விளையும். ஆதலால்தான், தவறி உண்டவருக்குச் சில மணி நேரத்தில் தொண்டை எரிச்சலும் கடுமையான வாந்தியும் பேதியும் கண்டு குடல் புண்படுகிறது. அடுத்த நாட்களில் எலும்பின் உட்சோற்றில் ரத்த அணுக்கள் உற்பத்தியாவது குன்றுகிறது. பிழைத்தவர்களுக்குச் சில நாட்கள் கழித்துத் தலைமயிர் உதிர்கிறது. கொடியின் எல்லாப் பாகங்களிலும் இவ்விஷம் உண்டு. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. இதே குணத்தை அளவறிந்து பயன்படுத்தினால் கீல்வாதத்தின் ஒருவகையான கௌட் நோய்க்கு மருந்தாகிறது. செடிகளின் அணுவில் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்யும் கருவியாகவும் 1937 முதல் பயிர் ஆராய்ச்சியாளருக்குப் பயன்பட்டு வருகிறது. ஆயுர்வேதத்தில் இக்கிழங்கை உபவிஷங்களுள் ஒன்றாக எண்ணி, சுத்தி செய்த பின்னரே மருந்தில் சேர்க்கவேண்டும் என்று விதித்திருப்பதும் இதன் தன்மையை அறிந்தே. கற்றறிந்த வைத்தியன் கையில் மருந்தாவது, கண்டவர் கையில் மரணமாகும். ஆதலால் வீட்டு வைத்தியமாக இதனை உள்ளுக்கோ வெளிக்கோ, கண்ணுக்கோ கர்ப்பிணிகளுக்கோ உபயோகிப்பது ஒருபோதும் கூடாது.

விபத்துக்கள் பெரும்பாலும் எப்படி நேர்கின்றன? பூ நிற்கும் காலத்தில் யாரும் ஏமாறுவதில்லை. கொடி உலர்ந்து, கிழங்கு மட்டும் மண்ணில் கிடக்கும் காலத்தில், மண்வெட்டியின் முனையில் அகப்பட்ட அதனைச் சர்க்கரைவள்ளி என்றோ காட்டுவள்ளி என்றோ எண்ணி அவித்து உண்பவர்களே ஏமாறுகிறார்கள். சமைப்பதால் விஷம் நீங்கிவிடும் என்ற நம்பிக்கை தவறானது. எனவே அடையாளங்களை மீண்டும் சொல்லுகிறேன். சர்க்கரைவள்ளியின் தண்டையோ கிழங்கையோ வெட்டினால் பால் வடியும். இலை இதய வடிவினதாயோ மடல்களாகப் பிரிந்தோ இருக்கும். வள்ளியின் இலைக்கு நீண்ட காம்பு உண்டு; பெருநரம்புகளுக்கிடையே வலைப்பின்னல் உண்டு. தண்ணீர்விட்டான் கிழங்கு அதே புதரடியில் கொத்துக்கொத்தாய்க் காணப்படும். ஊசிபோன்ற அதன் தழையே அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டே கவடாய் வளைந்து முனை கூர்ந்த கிழங்கைக் கண்டால், உலர்ந்த தண்டில் சுருண்ட இலைநுனி ஒன்றேனும் எஞ்சியிருக்கிறதா என்று பக்கத்துச் சுள்ளிகளில் தேடுங்கள். ஐயம் தீராவிட்டால் அதனை உண்ணாதீர்கள். தவறி உண்டவர் எவரேனும் இருந்தால், வாந்தி தொடங்கும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மருந்துக்குத் தேவை ஏற்பட்டபோது காட்டுக் கிழங்கைத் தோண்டுவது ஒரு தொழிலாயிற்று. அதன் பயனாய்க் காட்டுக்கு நேர்ந்த நஷ்டத்தை ஓரளவு தடுத்திருப்பது நம் உழவர்களே. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி முதலிய வறண்ட வட்டாரங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் இதனை வயலில் பயிரிட்டு, கோல்ச்சிசின் எடுப்பதற்காக விதையை விற்கிறார்கள். அவ்வயல்களைப் பார்ப்பது நமக்கு ஒரு பாடமாகும். ஆடி மழையை ஒட்டிக் கிழங்கை, முனைமுளை ஒடியாதபடி ஜாக்கிரதையாகப் பதிக்கிறார்கள்; கொடி ஏறுவதற்கு முள்கிளுவையை நட்டோ, விராலிக் குச்சியை ஊன்றியோ வேலி அமைக்கிறார்கள்; நீர் தேங்காமல் பாத்தி உயர்த்துகிறார்கள். அதாவது, காட்டிலே இயற்கை தந்ததையெல்லாம் வயலிலே மனிதன் கூலி கொடுத்துச் செய்துவைக்கிறான்.

அவ்வளவும் செய்தபின்னும் ஒரு குறை நேர்கிறது. பூ பூத்துக் குலுங்கினாலும் காய் போதுமானபடி பிடிப்பதில்லை. முன்பு சொன்ன அந்த வளைந்த சூல்தண்டு நினைவிருக்கிறதல்லவா? தன் மகரந்தம் தனக்கு எளிதில் விழாதபடி அமைந்த பூ, ஏக்கர் கணக்கில் ஒரே வேளையில் மலரும்போது, அத்தனைக்கும் ஈடுகொடுக்கும் வண்ணத்துப்பூச்சிகள் அங்கே இல்லை. ஆகவே காலை வேளைகளில் ஆட்கள் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு பூவின் மகரந்தத்தையும் கையினாலே எடுத்துச் சூல்முடியில் தடவிச் செல்கிறார்கள். ஒரு வண்ணத்துப்பூச்சி ஊதியமின்றிச் செய்த வேலைக்கு என்ன விலை என்பதை, அந்த ஆட்கூலிக் கணக்கு எழுதும் உழவரைக் கேட்டால் தெரியும்.

இதனால் நான் காட்ட விரும்பும் முடிவு யாது? காந்தள் என்பது ஒரு பூவன்று, ஒரு கொடியுமன்று, வடிந்த மண்ணும், முட்புதரும், மழைக்காலமும், சிறகுடைய விருந்தினரும் ஒன்றுகூடிய இடத்திலே நடைபெறும் ஒரு வாழ்க்கை. அவற்றுள் ஒன்றை நீக்கினால், அதன் வேலையை நாமே செய்யவேண்டி வருகிறது. எல்லாவற்றையும் நீக்கினால் பாடப்புத்தகத்தின் படம் மட்டும் மிஞ்சும். இன்று கிராமங்களில் உயிர்வேலியை அகற்றிக் கம்பிவேலியும் மதிலும் எழுப்புவதை முன்னேற்றம் என்று எண்ணுகிறோம். புறம்போக்குப் புதரை அழிப்பதைச் சுத்தம் என்று பாராட்டுகிறோம். நல்ல எண்ணத்தோடு மரம் நடுவோர்கூட, முதலில் முட்புதரைக் களைந்துவிட்டே குழி தோண்டுகிறார்கள். காந்தளை வேண்டுமென்று அழித்தவர் எவருமில்லை. அது ஏறி நின்ற படியை எடுத்துவிட்டவர் பலர்.

மாணவ நண்பர்களே, உங்களிடம் நான் வேண்டுவது பெரிய காரியம் எதுவுமன்று. உங்கள் ஊரில் எஞ்சியிருக்கும் பழைய வேலிகளுக்கும் காட்டு விளிம்புகளுக்கும் ஒரு கணக்கெடுங்கள், மழைக்காலத்தில் இலைநுனியையும், பனிக்காலத்தில் வெடித்த காயையும் கண்டு, காந்தள் நிற்கும் இடங்களைக் குறித்து வையுங்கள், கிழங்கைத் தோண்டாதீர்கள், தோட்டத்தில் வளர்க்க விரும்பினால் பயிரிடுவோரிடம் விலைக்கு வாங்குங்கள், குழந்தைகளும் கால்நடைகளும் எட்டாத இடத்தில் நடுங்கள். அக்குறிப்பை ஊராட்சி மன்றத்தாரிடம் கொண்டுபோய், சாலை அகலப்படுத்துவோரும் வேலி வெட்டுவோரும் அவ்விடங்களை விட்டுவிடும்படி கேளுங்கள். அவர்கள் காரணம் கேட்டால், பூவின் அழகைச் சொல்லிப் பயனில்லை. பூ அப்போது அங்கே இராது. இந்த முட்புதர் ஏன் நிற்கவேண்டும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்கு உங்களுக்குத் தெரிந்துவிட்டதானால், இன்று நான் பேசியது வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.